‘பன்னீர்க் கோட்டை’ படத்தில் வராத பாட்டு

1

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது. பாதிதான் கிடைத்தது. மீதியை நானே கட்டிக்கொண்டேன். எது எந்தப் பாதி என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். கணக்கியல் வகுப்பில் படிக்கிறவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

எழுபத்து மூன்றாம் வருடம். மாலைக் கல்லூரியில் வாத்தியார் வரவில்லை. சீக்கிரமாகவே சென்ட்ரலில் வண்டி ஏறிவிட்டேன். வில்லிவாக்கம் தாண்டியதும் யாரோ ஒரு பாட்டை விசிலடித்தார். அம்பத்தூரில் ஏறிய கூட்டம் அதை வாய்விட்டே பாடத் தொடங்கியது.

“ரயிலு போகட்டும், கண்ணே, உன் முகம் தெரியட்டும்…”

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவன். நடுவே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

“இன்னா படம்பா இது?”

“பன்னீர்க் கோட்டை. இன்னும் வர்ல. ஷூட்டிங் நடந்துகினு கீது.”

“யாரு சொன்னது? நான் படமே பாத்துக்கீறேன் நைனா, வேலூர்ல. அந்தப் பொண்ணு மஞ்ச சேலை கட்டிகினு கேட்டாண்ட நிக்கும்.”

“மஞ்ச சேலையா? அது கலர் படமே இல்லியே மாமே!”

பெட்டியே சிரித்தது. மூலையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் அக்கார்டியன் பெட்டி. பாடுகிறவர்கள் இரண்டாம் அடியில் தாளம் தப்பியபோது அவருடைய விரல் சரியான இடத்தில் பெட்டியைத் தட்டியது. பட்டாபிராமில் இறங்கிப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். [பெட்டிக்குள் இருந்தது அக்கார்டியன்தானா என்றுகூடச் சத்தியமாகச் சொல்ல முடியாது. தையல் மெஷினாகவும் இருக்கலாம்.]

2

இனி நான் கட்டியது; பெட்டிக்காரருக்குக் கஜபதி என்று பெயர் வைத்தேன். முதல் தொடக்கம்: “கஜபதி பிறவிக் கலைஞன்.” அடித்துவிட்டேன். பிறவிக் கலைஞனிடமும் வீட்டுக்காரர் வாடகை கேட்பார்.

இரண்டாம் தொடக்கம்: “ஆவடியில் அன்று வெயில் கொளுத்திக்கொண்டிருந்த…” ஆவடியில் என்றைக்குத்தான் கொளுத்தவில்லை?

மூன்றாவது: “கஜபதி மைக்கில் ஒரு பொய் சொல்லவைத்தான். அது அவனுக்குச் சோறு போட்டது.” இது இருக்கட்டும்.

கஜபதி பட்டாபிராமில் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தான். அவனே அக்கார்டியன் வாசிப்பான், பாடுவான். தாட்சாயிணி பெண் குரல். பகலில் சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவள். ஜானகிராமன் அறிவிப்பாளர், பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. கல்யாண வரவேற்பும் ஆடி மாதத்து அம்மன் கோயில்களும்தான் இவர்களுக்குப் பிழைப்பு.

மேடைக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும் ஜானகிராமன் படத்தின் பெயரைச் சொல்வார், இசையமைத்தவர் பெயரைச் சொல்வார், இசைத்தட்டில் பாடியவர் பெயரைச் சொல்வார். எதிரே நின்று பாடப்போகிறவரின் பெயரைச் சொல்ல மாட்டார்.*

(* ஏன் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், “பந்தியில பரிமாறுறவன் பேரை மைக்குல சொல்றாங்களா?” என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள்.)

கேட் பாட்டு கஜபதியின் சொந்த மெட்டு, சொந்த வரி. திருநின்றவூரில் ஒரு வரவேற்பில், “இது என் பாட்டு” என்று சொல்லிப் பாடினான். கூட்டம் எழுந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டது. பெண்ணின் தாய்மாமன் மேடைக்கே வந்தார். “சொந்தப் பாட்டெல்லாம் உன் ஊட்ல பாடிக்க தம்பி. சினிமாப் பாட்டுக்குத்தான் அட்வான்ஸ் குட்த்துக்கீறோம்.”

அடுத்த வரவேற்பு முத்தாபுதுப்பேட்டையில். “ஏதாவது வரப்போற படம்னு சொல்லிடு ஜானகி” என்று கஜபதி கெஞ்சினான். ஜானகிராமன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். வாசல் மேஜையில் பன்னீர்ச் செம்பு இருந்தது. கோட்டை அவராகச் சேர்த்தது.

“விரைவில் திரைக்கு வரவிருக்கும் ‘பன்னீர்க் கோட்டை’ திரைப்படத்திலிருந்து…”

ஒருவரும் எழவில்லை. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டார்கள். படம் வருவதற்கு முன்பே பாட்டைப் பிடித்துவிடுகிற குழு என்று பேர் பரவியது. அந்த ஆடியில் ஓய்வே இல்லை. அம்பத்தூர்க் குழுக்களும் பாட்டைக் காதால் பிடித்துக்கொண்டு பாடினார்கள். அவர்களும் மறக்காமல் படத்தின் பெயரைச் சொன்னார்கள்.

3

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கஜபதி மீது எனக்குச் சந்தேகம் வருகிறது. பொய் சொல்லவைத்தவனுக்காக வருத்தப்படுங்கள் என்று உங்களை எப்படிக் கேட்பது?

ஆனால் ஒன்று. ரேடியோவில் படப் பாட்டு, டீக்கடையில் படப் பாட்டு, இசைத்தட்டின் உறையில் படத்தின் படம். படம் இல்லாத பாட்டு விலாசம் இல்லாத ஆள் மாதிரி. கஜபதி தன் பாட்டுக்கு ஒரு விலாசம் எழுதினான். அந்த வீடுதான் இல்லை.

ஆடிக்கு முன் நடந்த அம்பத்தூர்க் கல்யாணம் ஒன்றில் கோடம்பாக்கத்து ஆள் ஒருவர் அவன் வாசிப்பைக் கேட்டார். ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளர். வீட்டுக்கு வரச்சொன்னார். “நீயா மெட்டு போட்டது எதுனா இருந்தா வாசி.”

கஜபதி கேட் பாட்டை வாசித்தான். இரண்டாம் அடியிலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தம்பி, இது பன்னீர்க் கோட்டை. எங்க வீட்டுப் பொண்ணே பாடுது. உன் சரக்கைக் காட்டு.”

“இது என்னுதுதான் சார்.”

“வர்றவன் எல்லாம் இதான் சொல்றான். உங்க ஊர்ல நாலு பேர் இதை உன் பாட்டுன்னு சொல்லட்டும், அப்புறம் வா.”

[திரும்பும்போது அவன் அழுதான் என்று எழுதி, அடித்துவிட்டேன். ரயிலில் நான் பார்த்தவர் அழவில்லை. விரலால் தட்டினார்.]

4

மைக்செட் கடை மாடியில் மூன்று பேர்.

“வர்ற வெள்ளிக்கெழமை ஆவடிக் கோயில்ல என் பேரைச் சொல்லிடு ஜானகி.”

“இந்த மாசம் பூரா புக்கிங் எதனால வந்துச்சு கஜா? படப் பாட்டுன்னு நம்பித்தானே? அதை நானே பொய்னு சொன்னா, அப்புறம் நான் வணக்கம் சொன்னாக்கூட ஜனம் சந்தேகப்படும்.”

தாட்சாயிணி பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே பேசினாள். “பாடறது நானு. மெட்டு அண்ணாத்தேது. பேரு மட்டும் படத்துக்கா? இல்லாத படத்துக்குப் பேரு கீது, இங்க குந்திகினு கீற நமக்குக் கெடையாதா?”

“அப்ப சொல்லிடலாங்கிறியா?” என்றான் கஜபதி.

“சொல்லு. ஆனா புக்கிங் நின்னா எனக்கும் நிக்கும். கம்பெனியில காஜா எடுத்தே காலம் போவும். அதையும் யோசிச்சிகினு சொல்லு.”

(இவளுக்கு நான் முதலில் இரண்டே வரிதான் வைத்திருந்தேன். போதாது என்று அவளே எடுத்துக்கொண்டாள்.)

வெள்ளிக்கிழமை மாலை. கூழ் ஊற்றி முடிந்து, கோயில் எதிரே கூட்டம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. “கேட்டுப் பாட்டு! கேட்டுப் பாட்டு!” என்று முன்வரிசை கத்துகிறது. கஜபதி அக்கார்டியனின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு ஜானகிராமனைப் பார்க்கிறான். பார்க்கிறான், அவ்வளவுதான். ஜானகிராமன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அடுத்ததாக…” என்கிறார்.

5

முடிவு ஒன்று: ஜானகிராமன் உண்மையைச் சொல்கிறார். “கதை உடாதய்யா!” என்று விசில் பறக்கிறது. அடுத்த வாரமே அம்பத்தூர்க் குழு அதே பாட்டைப் படத்தின் பெயரோடு பாடிக் கைதட்டல் வாங்குகிறது.

முடிவு இரண்டு: படத்தின் பெயரையே சொல்லிவிடுகிறார். புக்கிங் நிற்கவில்லை. கஜபதி ஆயுசு முழுக்கத் தன் பாட்டையே அடுத்தவன் பாட்டாக

(இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: முழுக்கூட்டமும் எழுந்து கஜபதியைத் தோளில் தூக்கு… இல்லை. ஆவடிக் கூட்டத்தை எனக்குத் தெரியும்.

அதனால் ஜானகிராமனை அந்த “அடுத்ததாக…”விலேயே நிறுத்திவிடுகிறேன். அவர் என்ன சொன்னால் என்ன? அந்தப் பாட்டு ஏற்கெனவே மேடையைவிட்டு இறங்கி ரயில் ஏறிவிட்டது. கோடம்பாக்கத்து ஆள் கேட்ட நாலு பேர் மேடையில் இல்லை, ரயில் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது யார் பாட்டு என்று அவர்களுக்கு ஒருவர் சொன்னால் போதும்.

இதைப் படித்த நீங்கள் என்றாவது ஒரு சாயங்காலம் அந்த வண்டியில் வருவீர்கள். வில்லிவாக்கம் தாண்டியதும் யாராவது விசிலடிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் பக்கம் திரும்பி, “இன்னா படம்பா இது?” என்று கேட்பார்.

பதில் சொல்வதற்கு முன் மூலையில் ஒருமுறை பாருங்கள். மடியில் பெட்டியோடு ஒருவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருப்பார். காது மட்டும் உங்கள் பக்கம் இருக்கும்.