சிங்கராசாவின் சாவுக்கு வந்த பிளேன்

பஸ்ரியன் கதிரையில் ஏறி நின்று, பிரேதப் பெட்டிக்கு மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி செய்யிறாய்? மனுசன் இன்னும் வீட்டை விட்டுப் போகேல்லை” என்றாள் அருள்நாயகி.

“ஒருக்கா ஆட்டிப்போட்டுக் கொண்டந்து கட்டிவிடுறன் மச்சாள். பெடியனுக்குக் கரை காட்ட வேணுமெல்லே? அண்ணருக்கு இனி வெயில் சுடவே போகுது?”

துணியைச் சுருட்டிக் கக்கத்தில் செருகிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினான்.

பெட்டியில் கிடந்த சிங்கராசா நேற்று விடிய, கரைவலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் குந்தியவர், பிறகு எழும்பவில்லை. மகன் எமிலியானுஸ் கொழும்பில். பிளேனுக்கு ஆணி முறுக்கப் போனவன், இப்போது ஓட்டவும் பழகிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன ரெட்டைச் செட்டைப் பிளேன். தந்திக்குப் பதில் தந்தி வந்திருந்தது: பிளேனில் வருகிறேன், கீரிக் கரையில் இறங்குவேன், வள்ளங்களை அப்புறப்படுத்துங்கள்.

பிரேதம் வெயிலுக்குத் தாங்கவில்லை. ஓடிக்கொலோன் தெளித்தும் பயனில்லை. சுவாமியார் மூக்கைப் பொத்தியபடிதான் செபம் சொல்லி முடித்தார்.

“அருள்நாயகி, இனி மூடியைப் போடவேணும்.”

“என்ர பிள்ளை தேப்பன்ர முகத்தைப் பாக்காமல் ஆணி அடிக்க விடமாட்டன் சுவாமி. அடிக்கிறதெண்டால் என்னையும் உள்ளுக்கு வைச்சு அடியுங்கோ.”

சுவாமியார் பெட்டியின் அகலத்தைப் பார்த்தார். அருள்நாயகியையும் பார்த்தார்.

அப்போதுதான் இரைச்சல் கேட்டது. ஒப்பாரி வைத்த திரேசம்மா “என்ர ராசாவே” என்று இழுத்ததை அந்தரத்தில் விட்டுவிட்டு முற்றத்துக்குப் பாய்ந்தாள். பாண்ட்காரர் மேளத்தோடு ஓடினார்கள். “சனத்தை அடக்கிப்போட்டு வாறன்” என்ற சுவாமியார், அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் முந்தினார்.

பெட்டியும் மெழுகுதிரிகளும் அருள்நாயகியும் மிஞ்சினார்கள். கூரையை உரசுவதுபோல ஒரு சத்தம் போனது.

“உங்கட மகன்தான்” என்றாள் புருசனிடம்.

கொஞ்சம் இருந்து பார்த்தாள். இருக்க முடியவில்லை. இலையான் மொய்க்காதிருக்க அவர் முகத்தில் லேஞ்சித் துணியைப் போட்டாள்.

“கோவிக்காதேங்கோ. ஒருக்காப் பாத்திட்டு ஓடி வாறன்.”

கரையில் பஸ்ரியன் வெள்ளையை ஒரு தண்டில் கட்டி, வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரியே ஆட்டிக்கொண்டிருந்தான். கச்சான் காற்று பலமாக அடித்தது. பிளேன் அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கியது. இறங்கியது என்றும் சொல்ல முடியாது. மணலைத் தொடாமல் போய்க்கொண்டே இருந்தது. கரை முடிகிற இடத்தில்தான் சில்லு நிலத்தில் பட்டது. பட்ட வேகத்தில் கருவாடு காய்ந்த பரணை இடித்துக்கொண்டு ஈரமணலில் புதைந்து, மூக்கைக் குத்தி, வாலை மெல்ல மேலே தூக்கியது.

அருள்நாயகி அப்போதுதான் கரைக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு பெட்டி என்று மனம் ஒருதரம் நினைத்துவிட்டது.

தலைமுழுக்கச் செதிலோடு எமிலியானுஸ் பிளேனிலிருந்து தொப்பென்று விழுந்து எழும்பினான். மூக்கால் இரத்தம்.

“ஆர் அந்தப் பக்கத்தால கூப்பிட்டது?”

“நான்தான்ரா. காத்து முதுகில நிண்டாத்தானே கரைக்கு வரலாம்!” என்றான் பஸ்ரியன்.

“சித்தப்பா, பிளேனுக்குக் காத்து மூஞ்சியில அடிக்கவேணும்!”

“மூஞ்சியில அடிச்சால் எப்பிடியடா முன்னுக்கு வாறது? விசர்க்கதை கதையாதை. தெரிஞ்சவன் ஏன் வந்தனி?”

எமிலியானுஸ் மூக்கைத் துடைத்தான்.

“நீங்கள் அந்தரப்பட்டு ஆட்டினியள். அப்பாவை எடுக்கப்போறியளாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

பஸ்ரியன் தண்டை மணலில் குத்தினான். திரும்பி, நின்றவர்களைப் பார்த்துக் கத்தினான்: “என்னடா பாக்கிறியள்? தண்ணி ஏறமுந்திக் கயிறைப் போடுங்கோ!”

வாலில் கயிறு விழுந்தது. கரைவலைக்காரர் வரிசை கட்டி, ஏலேலோ பாடி இழுத்தார்கள். பாண்ட்காரர் மேளம் தட்டினார்கள். சுவாமியாரும் ஒரு கை பிடித்தார்.

அருள்நாயகி மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பெட்டியடியில் லேஞ்சியை எடுத்தாள்.

அவன் குனிந்தான். வெகுநேரம் பார்த்தான். மூக்கிலிருந்து ஒரு துளி, தகப்பனின் வெள்ளைச் சட்டையில் சொட்டியது.

அருள்நாயகி சேலைத் தலைப்பை எச்சிலில் நனைத்துச் சட்டையைத் துடைத்தாள். போகவில்லை, பரவியது. அதே தலைப்பால் மகனின் மூக்கைப் பிடித்தாள்.

“தலையை நிமித்து.”

மணல் ஒட்டிய கைகளோடு திரும்பிவந்த ஆட்கள், மூடியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலில் நின்றார்கள்.