திரையில் தொங்கிய இரும்பு

ஆலைச் சங்கு அலறியது.

இன்னும் சரியாக விடியவில்லை. குலை இறக்கிக்கொண்டிருந்த லோரிக்காரர்கள் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார்கள். கேன்டீன் இராஜம்மா கையில் தேத்தண்ணி மங்குடன் கேட்டுக்கு வெளியே போய் நின்றாள். புக்கிட் பெலிம்பிங் பக்கத்திலிருந்த அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில் சங்கு ஊதினால் அர்த்தம் ஒன்றுதான். கொதிகலனுக்கு ஆபத்து, எல்லாரும் வெளியே போங்கள்.

கொதிகலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேற்றும் இப்படித்தான் ஊதியது. நேற்றும் ஒன்றும் ஆகவில்லை.

"என்னா லா இது, தெனம் காலையில ஓட்டப்பந்தயமா? ஓடுறதுக்கு மெடலாவது குடுப்பாங்களா?" என்றாள் இராஜம்மா.

ஆலை எஞ்சினியர் ஹபீபுல்லா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தார். நாற்காலி காலியாக இருந்தது. சற்று நேரத்தில் ஆபரேட்டர் கார்த்திகேசு கொதிகலன் பக்கமிருந்து மூச்சு வாங்க வந்தார்.

"சங்க ஊத வச்சது யாரு?"

"தெரியலங்க சார். நான் மீட்டர் பாக்கப் போயிருந்தேன்."

"நீங்க வேலைக்கு வந்தாத்தான் ஊதுது. நைட் ஷிப்டு ஜமாலுக்கு ஒரு தடவகூட ஊதல. அது எப்படி?"

"சத்தியமா நான் சங்கத் தொடல சார்."

"கம்ப்யூட்டர்ல அமுக்கினதாப் பதிவு இருக்கு. இன்னொரு தடவ ஊதட்டும், நீங்க திரும்ப ரேம்புக்குப் போக வேண்டியதுதான்."

கார்த்திகேசுவின் கை தானாக இடுப்புக்குப் போனது. குலை இறக்கும் மேடையான ரேம்பில் கொக்கி போட்டுக் குலைகளை இழுத்து இழுத்துத்தான் அவர் இடுப்பு கெட்டது. டாக்டர் சீட்டு கொடுத்து, யூனியன் பேசி, போன வாரம்தான் இந்த நாற்காலி கிடைத்தது. ரேம்புக்குத் திரும்பினால் வேலையை விடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அது ஹபீபுல்லாவுக்கும் தெரியும். ஆனால் மேலதிகாரிகளுக்கு அவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் ரவாங்கிலிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டார். "மிஸ் கங்கா, கோளாறு உங்க புரோகிராம்லயா, என் ஆள்கிட்டயா? அத மட்டும் சொல்லுங்க. நான் முடிவு பண்ணிக்கிறேன்."

அன்று மத்தியானமே கங்கா கம்பெனி வேனில் வந்து இறங்கினாள். கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஓடிய அந்த ஆலை புரோகிராமை எழுதியவள் அவள்தான். இருபத்தாறு வயது. பேச்சில் பாதி இங்கிலீஷ். சொந்த ஊர் பிஜே, அதாவது பெட்டாலிங் ஜெயா பட்டணம் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

1989-இல் அந்த வட்டாரத்தில் அப்படியொரு திரையை யாரும் பார்த்ததில்லை. எழுத்துகளைத் தட்டவேண்டியதில்லை. படங்கள் வரிசையாக இருக்கும். மவுஸை நகர்த்தி, அம்புக்குறியைப் படத்தின் மேல் வைத்து அமுக்கினால் போதும். பம்பு படத்தை அமுக்கினால் பம்பு ஓடும். மவுஸ் என்றால் எலி என்று தெரிந்த அன்று கார்த்திகேசு, "தோட்டத்துல எலிக்கு மருந்து வைக்கிறோம். இங்க எலியத் தடவிக் குடுக்கச் சொல்றீங்களே" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருந்தார்.

இந்தப் படங்களுக்கு 'ஐகன் விட்ஜெட்' என்று பெயர். ஒரு படம், கீழே ஒரு பெயர், அமுக்கினால் நடக்கவேண்டிய வேலை, மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுக்கும் சாமான் அது. படத்தை மாற்றினால் வேலை மாறாது. வேலையை மாற்றினால் படம் மாறாது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

பெயர்களைத் தூக்கச் சொன்னது ஹபீபுல்லா. "பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வராது. பேரு எதுக்கு? சும்மா எடத்த அடைக்குது" என்றார். கங்கா தூக்கிவிட்டாள்.

இப்போது அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். தவறு எதுவும் இல்லை. சங்குக்கான படத்தை அமுக்கினால் சின்னப் பெட்டி ஒன்று தோன்றி, நிச்சயமா என்று இங்கிலீஷில் கேட்கும். ஆம் என்று அமுக்கினால் ஒரு நிமிடம் கழித்துச் சங்கு ஊதும். தெரியாமல் தட்டிவிட்டால் நிறுத்த அந்த ஒரு நிமிடம்.

"ரெண்டு தடவ அமுக்கினாத்தான் ஊதும் சார். கை தவறி நடந்திருக்காது" என்றாள்.

"அப்ப வேணும்னே பண்றாரு."

"நாளைக்குக் காலையில நான் பக்கத்துல இருந்து பாக்கலாமா?"

ஹபீபுல்லா தோளைக் குலுக்கினார். "பாருங்க. நாளைக்கு ஒரு நாள்தான்."

அன்று மாலை, யாரிடமும் சொல்லாமல், சங்குப் படத்தின் பின்னாலிருந்த வேலையைக் கங்கா கழற்றிவிட்டாள். இனி அதை அமுக்கினால் பெட்டி தோன்றும், ஆனால் எதுவும் ஊதாது.

மறுநாள் காலை கார்த்திகேசு வந்தார். சாப்பாட்டுச் சட்டியை அலமாரியில் வைத்தார். கையைக் கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் நின்ற கங்காவைப் பார்த்து, "குட் மார்னிங் மிஸ்" என்றார். மவுஸைப் பிடித்தார்.

அம்புக்குறி எங்கும் தடுமாறவில்லை. நேராகச் சங்குப் படத்துக்குப் போனது. அமுக்கினார். பெட்டி தோன்றியது. அதிலும் அமுக்கினார். பிறகு நிம்மதியாக எழுந்து மீட்டர் பார்க்கக் கிளம்பினார்.

"மிஸ்டர் கார்த்திகேசு, இப்ப எத அமுக்கினீங்க?"

"பெரட்டு மிஸ்."

வாசலில் வந்து நின்ற ஹபீபுல்லா கேட்டார். "அது என்ன பெரட்டு?"

அவர் குவாலா சிலாங்கூர் கடைத்தெருவில் வளர்ந்தவர், தோட்டத்தில் இருந்ததில்லை. ஆலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கார்த்திகேசு வாய் திறப்பதற்குள் கங்கா சொல்லிவிட்டாள்.

"தோட்டத்துல காலையில ஆள் எடுக்குறது சார். தண்டவாளத் துண்டு ஒண்ணக் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. அதத் தட்டினதும் லயத்து வீடுகள்லேருந்து எல்லாரும் வந்து வரிசையா நிக்கணும். மண்டோர் பேர் கூப்பிடுவாரு."

"பேரு குடுக்கலன்னா அன்னைக்குக் கூலி கெடையாது சார்" என்றார் கார்த்திகேசு. "எத்தன பேரு ஓடி வந்து பேரு எழுதுற கிராணி கால்ல விழுந்திருக்காங்க! இங்க வந்தப்பவும் திரையில பாத்தேன். அதே இரும்பு தொங்குது. சரி, வந்ததும் பேரு குடுத்துடணும்னு அமுக்கினேன். பெட்டி வந்து ஏதோ கேக்கும். நீதானான்னு கேக்குதாக்கும்னு ஆமான்னு அமுக்கிடுவேன்."

"ஒடனே சங்கு ஊதுதே, அப்பவாவது தோணல?"

"ஒடனே எங்க சார் ஊதுது? நான் கொதிகலனுக்குப் போனப்புறம்ல ஊதுது. பேரு குடுக்குறதுக்கும் சங்குக்கும் என்னா சம்பந்தம்?"

ஹபீபுல்லா திரைக்குக் கிட்டே குனிந்தார். "இது இரும்பா? நான் இத்தன நாளும் ஏதோ கதவு சாஞ்சு நிக்குதுன்னு நெனச்சேன். மிஸ் கங்கா, ஆபத்துக்கு ஒரு மணி வரையக்கூடாதா?"

"மாதிரிப் படம் போட்ட புக்ல மணிதான் இருந்துச்சு சார். சின்னச் சின்னப் புள்ளியாத்தான் வரையணும். வரைஞ்சு பாத்தா சொங்கோக் தொப்பி மாதிரி இருந்துச்சு. அதான் இந்த இரும்பா மாத்தினேன்."

"மாத்தினது நீங்க."

"நான்தான் சார். தப்பு படத்துல. அண்ணன்மேல ஒண்ணுமில்ல."

அண்ணன் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்ததைக் கார்த்திகேசு கவனித்தார். ஹபீபுல்லா கவனிக்கவில்லை.

"இத நீங்க உங்க கம்பெனி பேர்ல எங்க ஹெட் ஆபீசுக்குச் சொல்லணும். இல்லன்னா நான் இவர மாத்தித்தான் ஆகணும்."

அது கங்காவுக்குச் சின்ன விஷயம் இல்லை. அவளுடைய வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேசையிலிருந்த போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இப்பவே போன் பண்ணிச் சொல்றேன் சார்" என்றாள்.

சொன்னாள். மறுமுனையில் சத்தமாகப் பேசினார்கள். அவள் இரண்டு முறை 'யெஸ்' என்றும் ஒரு முறை 'சாரி' என்றும் சொல்லி வைத்துவிட்டாள். ஹபீபுல்லா கார்த்திகேசுவிடம், "உக்காருங்க, வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

மத்தியானத்துக்குள் மாற்றம் முடிந்தது. சங்குக்குப் புதிதாக ஒரு தீ ஜுவாலை வரைந்து, கீழே பெயரையும் போட்டாள். இரும்பை அவள் அழிக்கவில்லை. அதன் பின்னால் வேறு வேலையைக் கட்டினாள். இனி அதை அமுக்கினால் ஆபரேட்டர் வேலைக்கு வந்துவிட்டார் என்று பதிவாகும். பெயர் போடும் இடம் தமிழ் எழுத்தை ஏற்காது. அதனால் படத்துக்குள்ளேயே புள்ளி புள்ளியாகப் 'பெரட்டு' என்று வரைந்து வைத்தாள்.

கார்த்திகேசு அமுக்கிப் பார்த்தார். சங்கு ஊதவில்லை. இன்னொரு முறை அமுக்கினார்.

"ஒரு தடவ போதும்" என்றாள் கங்கா, பையை எடுத்துக்கொண்டு. "ரெண்டு ஆள் கூலி கேக்குறீங்களா?"

அவர் சிரித்தார். பிறகு திரையிலிருந்த இரும்பை விரலால் தொட்டார். அது நேராகத் தொங்கவில்லை. ஒரு மூலையில் துளை, அதில் கம்பி, கீழ்முனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவள் வேன்வரை போவதற்குள் பின்னாலேயே வந்துவிட்டார்.

"பிஜேவுல பொறந்த புள்ளைக்கு, அந்த இரும்புல ஓட்ட நடுவுல இல்ல, மூலையிலதான் இருக்கும்னு எப்படித் தெரியும்? எந்தத் தோட்டம்மா நீ?"