எமியின் நிறம்

பிளஸ்ஸன் கொண்டுவந்த படத்தை பேபி மடியில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி போட்ட பெரிய சட்டம். உள்ளே ரோஸ் கவுன் போட்ட ஒரு சின்னப் பெண், பால் மாதிரி கன்னத்தோடு சிரித்தாள்.

"யாருலே இது?"

"என்ன அத்தே, நம்ம எமிதான். ஞாயித்துக்கிழமை நினைவு ஜெபத்துல மாமா படத்துக்குப் பக்கத்துல வைக்கலாம்னு செஞ்சேன். சர்ப்ரைஸ்."

"எம் பிள்ளை கறுப்புலே."

"பிளாக் அண்ட் ஒயிட்ல இருந்துச்சு. கம்ப்யூட்டரே கலர் போட்டுட்டு. ஃபேரா நல்லாத்தானே வந்திருக்கு?"

தம்பி மகன். ஆசையாகத்தான் செய்திருக்கிறான். அவன் பிறக்கும் முன்பே, ஐந்து வயதில், மூளைக்காய்ச்சலில் எமி போய்விட்டாள். அவனுக்கு என்ன தெரியும்? இப்படி நினைத்துத் தன்னை அடக்கப் பார்த்தாள் பேபி. முடியவில்லை.

அந்தப் படம் கிறிஸ்துமஸ் நாடகத்தன்று எடுத்தது. தேவதை வேஷத்துக்கு நின்ற எமியின் முகத்தில் சண்டே ஸ்கூல் டீச்சர் ஒருத்தி பவுடரை அப்பிவிட்டு, "இப்பதான் தேவதை மாதிரி இருக்கு" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பேபியின் புருஷன் கிதியோன் பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப்போய் முகத்தைக் கழுவி, கோயிலின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தான். இன்றைக்கு மறுபடியும் பவுடர் அடித்துவிட்டார்கள், அவன் செத்து ஒரு வருஷம் ஆவதற்குள்.

"மாமா நெகட்டிவ் டப்பா எங்கே?"

"திருமுல்கேரில ஒரு கடைல கொடுத்துதான் ஸ்கேன் பண்ணேன். ஒவ்வொரு கவர்லயும் ஒரே போட்டோ மூணு மூணு இருந்துச்சு அத்தே. எதுக்கு வேஸ்ட்னு முதல்ல இருக்கிறதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தூரப்போடச் சொல்லிட்டேன்."

பேபி எழுந்து செருப்பை மாட்டினாள். "ஆட்டோ பிடி."

மெட்டுகுடா வீட்டிலிருந்து போகும் வழியெல்லாம் அவள் பேசினாள், பிளஸ்ஸன் கேட்டான். கிதியோன் கலர் ஃபிலிமை நம்பியதே இல்லை. ஏ.எஸ். ராவ் நகர் ஃபாக்டரியில் வேலை பார்த்த மனுஷன். எதையும் தானே செய்து பார்த்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். கலர் பிரிண்ட்டில் இருப்பது சாயம், வெளுத்துப் போகும். கறுப்பு வெள்ளையில் இருப்பது வெள்ளி, நிற்கும் என்பான். அதனால் ஒரே காட்சியைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மூன்று தடவை எடுப்பான். லென்ஸுக்கு முன்னால் ஒரு தடவை சிவப்புக் கண்ணாடி, அடுத்து பச்சை, அடுத்து நீலம். கண்ணாடி மாற்றிக் கொடுப்பது பேபியின் வேலை. பிறகு மூன்றையும் பாசிட்டிவ் ஃபிலிமாக்கி, அதனதன் நிற வெளிச்சத்தில் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக விழவைத்தால், முழு நிறமும் எழுந்து நிற்கும்.

"பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும். ஒண்ணு இல்லலே. சிவப்புக் கண்ணாடி வழியா எடுத்தா எந்த முகமும் வெளுப்பாத்தான் தெரியும். நீ வச்சுக்கிட்டது அதைத்தான். உன் கம்ப்யூட்டர் அதைப் பாத்து, புள்ள செவப்புன்னு முடிவு கட்டிட்டு."

"ஹவ், ஆமா அத்தே," என்றான் பிளஸ்ஸன்.

கடைக்காரன் வினய் சின்ன வயசுக்காரன். பேபி நின்ற நிலையைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "டென்ஷன் நக்கோ ஆண்ட்டி, கவலைப்படாதீங்க, குப்பை இன்னும் முழுசா போகல" என்று இந்தியில் சொல்லி, ஒரு சாக்கைக் கொண்டுவந்து கவிழ்த்தான். காகிதம், டீ கப், பிலிம் துண்டுகள். முந்தின நாள் ஒரு சாக்கு போய்விட்டதாம்.

பேபி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் விரலால் தடவினாள். கிதியோன் கத்திரியால் அடையாளம் வெட்டி வைப்பான். சிவப்புக்கு ஒரு வெட்டு, பச்சைக்கு இரண்டு, நீலத்துக்கு மூன்று. இரண்டு வெட்டுள்ள எமி கிடைத்தாள். மூன்று வெட்டுள்ளவள் கிடைக்கவில்லை. சாக்கை உதறிப் பார்த்தும் இல்லை.

வினய் அதையும் பிளஸ்ஸன் வைத்திருந்த சிவப்பு நெகட்டிவையும் ஸ்கேன் செய்து, ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதைப் பச்சையாகவும் திரையில் பொருத்தினான். வெள்ளைச் சுவர் மஞ்சளாக வந்தது. கவுன் கிளிப்பச்சை, நிஜத்திலும் அது பச்சைதான். முகம் மெல்ல இருண்டு, இருண்டு, எமி ஆனது. பேபி வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு கை மட்டும் இரண்டாகத் தெரிந்தது, சிவப்பாக ஒன்று, பச்சையாக ஒன்று.

"நீலத்தை நானே ஊகிச்சுப் போட்டுடறேன் ஆண்ட்டி. இந்தக் கை மிஸ்டேக்கையும் எடுத்துடலாம்."

"எடுக்காதே!" கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கண்ணாடி மாத்துறதுக்குள்ள அவ கையை ஆட்டிட்டா. உயிரோட இருந்த பிள்ள ஆட்டாம என்ன செய்யும்? ஊகிச்சுப் போட்டது போதும். இருக்கிறதை இருக்கிறபடி அடிச்சுக் கொடு."

ஞாயிறு சாயங்காலம் பாஸ்டர் பைபிளைத் திறந்து காத்திருந்தார். கிதியோன் படத்துக்குப் பக்கத்தில் அந்த ரோஸ் கவுன் சட்டத்தை யாரோ மாலை போட்டு வைத்திருந்தார்கள். பேபி மாலையைக் கழற்றினாள். சட்டத்தை எடுத்துப் பிளஸ்ஸன் கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் சுவர் படத்தை அங்கே சாய்த்து வைத்தாள்.

பிளஸ்ஸனின் அம்மா ரேச்சல் அருகில் வந்து கிசுகிசுத்தாள். "மைனி, அது எவ்வளவு அழகா இருந்துச்சு. இது என்ன, பாதி கலர் வராத மாதிரி? வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அந்தப் பிள்ளை யாருன்னு எனக்குத் தெரியாது ரேச்சல்," என்றாள் பேபி, எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ என் மக. கறுப்பு. வராத கலரை எந்தக் குப்பைல போட்டான்னு உன் மகன்ட்ட கேளு."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "ஆரம்பிங்க பாஸ்டர்" என்றாள்.