ஃபில்ஃபிலுக்காகக் கீழே வைத்த கோப்பை

தன்னைப் பெண் கேட்டு வந்தவர்களைக்கூட நுஹா இப்படிக் குடைந்து குடைந்து விசாரித்ததில்லை. அவர்களையெல்லாம் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, நாற்பதைத் தாண்டி, அம்மானுக்குத் தெற்கே மாதபாவில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வருகிறவர்களுக்கு ஊசி குத்திக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தாள். நாய்க்கு வீடு தேடும்போதுதான் அவளுக்கு இத்தனை கேள்விகள் வந்தன. சங்கிலி போடுவீர்களா? வெயிலில் கட்டுவீர்களா? வீட்டில் யாருக்காவது அடிக்கக் கை நீளுமா? கடைசிக் கேள்விக்கு உலகத்தில் எந்த வீட்டில் நேரான பதில் கிடைக்கும்?

ஃபில்ஃபில் என்று பேர் வைத்தவளும் அவள்தான். மிளகு என்று அர்த்தம். கறுப்பாக, சின்னதாக, தொட்டால் சுரீரென்று இருந்ததால் அந்தப் பேர். கம்பிகள் துருத்திக்கொண்டு அரைகுறையாக நின்ற ஒரு வீட்டின் மொட்டைமாடியில், காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ அதைப் போட்டு மூடியிருந்தார்கள். முனகல் கேட்டு ஏறிப் பார்த்து எடுத்து வந்தாள். அது வளர்ந்த பிறகுதான் வம்பு. மூடின கதவைக் கண்டால் அதற்கு ஆகாது. மூன்றாம் மாடி வீட்டில் வாசல் கதவிலிருந்து பால்கனிக்கும், பால்கனியிலிருந்து வாசலுக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நகம் தேய்ந்து தரையில் ரத்தக்கோடு விழும். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் இந்த நாய்க்கு வேலை இல்லாததுதான் வியாதி. அது நுஹாவுக்குத் தெரியும். தினமும் வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அதை இழுத்துக்கொண்டு, இல்லை, அதனால் இழுக்கப்பட்டு, ஊர் எல்லைவரை ஓடிவிட்டு வருவாள். திரும்பி வந்து அவள் படுத்துவிடுவாள். அது மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

கட்டிடம் அவளுடைய தாய்மாமா அபூ மித்காலுடையது. கீழ்த்தளத்தில் அவர் குடியிருந்தார். ஒருநாள் படிக்கட்டில் பாய்ந்து இறங்கிய ஃபில்ஃபில், அவர் தொழுகைக்குக் கைகால் கழுவக் கழற்றி வைத்திருந்த கறுப்புத் தலைக்கயிற்றைக் கவ்விக்கொண்டு போய்க் கடித்துத் துப்பியது. நாய் வாய் பட்டதென்று மாமா அதை ஏழு தடவை கழுவினார். அப்புறமும் மனசு ஒப்பாமல் தூக்கிப் போட்டார். அன்றிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான். நாய்க்கு வரன் அமைஞ்சுதா?

இரண்டு அமைந்து, இரண்டும் கெட்டன. அம்மானில் ஒரு பெரிய பங்களாக்காரர் தோட்டம் முழுக்க ஓடட்டும் என்று வாங்கிப் போனார். நுஹா சொல்லாமல் கொள்ளாமல் பார்க்கப் போனபோது, ஃபில்ஃபில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழச் சங்கிலியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அங்கேயே அவிழ்த்துக் கூட்டிவந்துவிட்டாள். அடுத்தது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நல்ல மனுஷி, வாயால் சரி என்று சொன்னாள், மனசால் சொல்லவில்லை. குளியலறையில் அடைத்து வைத்து வேளாவேளைக்குச் சோறு போட்டாள். அதற்குப் பிறகு வந்தவர்களையெல்லாம் நுஹாவே தட்டிக் கழித்தாள். ஒருவன் குரல் சரியில்லை, ஒருவன் வீட்டு மாடி உயரம், ஒருவன் நாயைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

இத்தனைக்கும் ஃபில்ஃபிலுக்கு ஏற்ற வீடு எது என்று அவளுக்கு வசந்த காலத்திலேயே தெரிந்துவிட்டது. தீபானுக்கு அப்பால், பள்ளத்தாக்கைப் பார்த்த மேட்டில், ஹாயெல் என்று ஓர் ஆட்டுக்காரன். வருஷாவருஷம் அவனிடம்தான் அவள் தயிர்க்கட்டி வாங்குவது. அன்றைக்குக் காரின் ஜன்னல் வழியாக ஃபில்ஃபில் எகிறிக் குதித்து, நேரே மந்தைக்குள் பாய்ந்துவிட்டது. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. நுஹா பேர் சொல்லிக் கத்தினாள், அது காதிலேயே வாங்கவில்லை. ஹாயெல் நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடித்தான். நாய் நின்றது. யார் சொல்லையும் கேட்டறியாத நாய், காதை நிமிர்த்தி அவனைப் பார்த்தபடி நின்றது. அவன் கையைச் சற்றே சாய்த்தான். அது சரிவின் அந்தப் பக்கமாகச் சுற்றி ஓடியது. ஆடுகள் ஒன்று சேர்ந்தன.

இதை நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா என்று நுஹா அங்கேயே கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிர்ஹான் என்று ஒரு நாய் அவனிடம் ஒன்பது வருஷம் இருந்ததாம். ஓநாய்க்கென்று யாரோ விஷம் வைத்த இறைச்சியைத் தின்றுவிட்டு மலையிலேயே செத்ததாம். தோளில் போட்டுத் தூக்கி வந்து புதைத்தேன், இனி இந்த வாசலில் நாய் கிடையாது என்று சொல்லிவிட்டு ஆடுகளுக்குப் பின்னால் போய்விட்டான்.

கோடை முழுக்க நுஹா யோசித்தாள். கடைசியில் மாமாவிடம் போய், பெரியவராக நீங்கள் முன்னே நின்று கேட்க ஹாயெல் வீட்டுக்கு ஜாஹா போக வேண்டும் என்றாள். மாமா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. பெண் கேட்க, கொலைப்பழி தீர்க்க, ரத்தப்பணம் பேச என்று அந்த வட்டாரத்தில் அவர் தலைமையேற்றுப் போகாத ஜாஹா இல்லை. ஒரு நாய்க்காக ஜாஹா போனால் கெரக்கிலிருந்து இர்பித்வரை என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். ஆனால் இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு அனுப்பினார். புதுத் தலைக்கயிறு கட்டியிருந்தார். மேடை கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை அவர். அதோடு நாயும் தொலையும்.

ஹாயெல் அவர்களைக் கூடாரத்தில் உட்காரவைத்தான். விருந்தாளியை வாசலில் நிறுத்தி என்ன விஷயம் என்று கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. ஃபில்ஃபில் காரில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கவே இல்லை என்பது போல ஹாயெல் காபியை இறக்கி, பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஊற்றி மாமாவிடம் நீட்டினான். மாமா வாங்கினார். குடிக்கவில்லை. தனக்கு முன்னால் கம்பளத்தின் மேல் வைத்தார்.

ஹாயெலின் கை அப்படியே நின்றது. கேட்க வந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டால், வந்த காரியம் ஆயிற்று, குடியுங்கள் என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை அதைத் தொடமாட்டார். தொடாமலே அவர் எழுந்து போனால், அந்த இழுக்கு அந்த வீட்டைத் தலைமுறைக்கும் விடாது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். இறைவன் பேரைச் சொன்னார், ஹாயெலின் குலத்தைப் புகழ்ந்தார், அவன் பாட்டன் பஞ்ச காலத்தில் அறுத்த ஆடுகளைப் புகழ்ந்தார், அடைக்கலம் கேட்டு வந்த யாரும் இந்த வாசலில் வெறுங்கையாகத் திரும்பியதில்லை என்றார். கடைசியில், காரில் ஓர் அடைக்கலம் காத்திருக்கிறது என்றார். அவ்வளவு நன்றாக அவர் எந்தப் பெண்ணைக் கேட்கப் போயும் பேசியதில்லை.

ஹாயெல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சரி என்று சொல்லத்தான் போகிறான் என்பது நுஹாவுக்குப் புரிந்தது. வேறு வழியே அவனுக்கு இல்லை. தூக்க முடியாத மூட்டையைத் தூக்கப்போகிறவன் மாதிரி அவன் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தான். அவனுக்குப் பின்னால், பட்டியின் ஓரத்தில், நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி ஒரு தகரக் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை யாரும் எடுக்கவும் இல்லை, நிமிர்த்தவும் இல்லை. இவன் நாயை வைத்துக்கொள்வான், சோறு போடுவான், அடிக்கமாட்டான், ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டான் என்று நுஹாவுக்குத் தோன்றியது. அதற்குத் தண்ணீர்த் தொட்டியே தேவலை. அங்கே மூடியைத் திறக்க யாராவது வருவார்கள் என்றாவது இருந்தது.

அவள் கையை நீட்டி, மாமாவுக்கு முன்னால் இருந்த கோப்பையை எடுத்து, ஒரே மடக்கில் குடித்தாள். ஆறிப்போயிருந்தது.

"காபி நல்லாயிருக்குங்க. நாங்க சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தோம்."

ஹாயெல் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் வந்தது நன்றியா கோபமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

திரும்பும் வழியில் மாமா வெகுதூரம் வாயே திறக்கவில்லை. பேச்சையே பிழைப்பாகக் கொண்ட மனிதர் பேசாமல் வருவதைத் தாங்கமுடியாமல், விட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பான் மாமா, ஆனா மனசோட சொல்லியிருக்கமாட்டான் என்று அவளே சொன்னாள்.

"அவனுக்காகக் குடிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியாம்மா? வைக்கப்போர்ல படுத்த நாய், தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது. அந்த நாய் இந்தக் கார்ல பின்சீட்ல இல்ல."

நுஹாவுக்குச் சுருக்கென்றது. சொன்னவர் வேறு யாராவது என்றால் சண்டை பிடித்திருப்பாள். அன்றிரவும் அதற்குப் பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கோப்பையை எடுத்த நேரத்தில் தன் கை எவ்வளவு சுலபமாகப் போயிற்று என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒரு மனிதனை விடுவித்த சந்தோஷம் அதில் இருந்தது நிஜம். நாய் இன்றைக்கும் என்னோடுதான் வீட்டுக்கு வரும் என்கிற சந்தோஷமும் அதிலேயே இருந்தது. எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. ரத்தத்தில் இருப்பதையெல்லாம் பிரித்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு, ஆனால் இதற்கு ஒரு பரிசோதனையும் கிடையாது. ஃபில்ஃபில் பால்கனிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டே இருந்தது. தரையில் ரத்தக்கோட்டைத் துடைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

முதல் மழை பெய்து ஒலிவக்காய் பறிக்க ஆரம்பித்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, வாசல் மணி அடித்தது. ஹாயெல் நின்றுகொண்டிருந்தான். துவைத்த தலைத்துணி, பூட்ஸில் மட்டும் மலைச்சேறு. மூன்று மாடி ஏறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. அவனைப் படியில் பார்த்துவிட்டு மாமாவும் பின்னாலேயே ஏறி வந்திருந்தார்.

ஃபில்ஃபில் ஹாயெலின் மேல் தாவி, மாமாவைச் சுற்றி, சோபாவில் ஏறி, மறுபடி ஹாயெலின் மேல் தாவியது. நுஹா சமையலறைக்குப் போய் ஏலக்காய் தட்டிப் போட்டுக் காபி வைத்தாள். எதற்கு வந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு கோப்பைகளில் ஊற்றிக் கொண்டுவந்தாள். மாமா தன்னுடையதை வாயருகே கொண்டுபோவதற்குள் நாயின் வால் அதைத் தட்டிவிட்டது. காபி கொட்டினா நல்ல சகுனம் என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் அங்கியைத் துடைத்தார். வேறு சமயமாக இருந்தால் கட்டிடமே அதிர்ந்திருக்கும்.

ஹாயெல் தன் கோப்பையை மேஜையின் மேல் வைத்தான். தொடவில்லை.

அன்றைக்கு ஹாயெலின் கை ஏன் அப்படி நின்றது என்று இப்போது நுஹாவுக்குத் தெரிந்தது. கோப்பை இத்தனூண்டு. அதைத் தாண்டிப் போக வழியில்லை. இந்த ஜாஹாவில் தனக்குப் பேச்சில்லை என்று மாமாவுக்கும் தெரிந்திருந்தது. தான் ஒரு வார்த்தை சொன்னால் இன்றிரவு இந்த வீடு எப்படி இருக்கும் என்று நுஹா யோசித்தாள். ஓடுகிற சத்தம் இருக்காது. விடிகாலையில் யாரும் அவள் போர்வையை இழுக்கமாட்டார்கள். தனியாக இருப்பது தனக்குப் பழக்கம் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டவள், அது பொய் என்று அந்த நிமிஷம் ஒத்துக்கொண்டாள்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டவளுக்கு இப்போது ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?"

ஹாயெல் பூட்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கூப்பிட்டுப் பாத்துட்டேம்மா. நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம், மலையில, ஆடு மட்டும் இருக்கும்போது. ஃபில்ஃபில்னு. எங்கிருந்து வரும்?"

நுஹா மேஜையிலிருந்த கோப்பையைத் தானே எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"குடிங்க. ஆறிடப் போகுது."

அவன் குடித்தான். போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தான். ஆணியில் தொங்கிய கழுத்துக் கயிற்றை அவள் எடுத்து நீட்டியபோது, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுப் படியில் இறங்கினான். வாசல் கதவு திறந்தே இருந்தது. இரண்டாம் மாடியிலிருந்து அந்தச் சீழ்க்கை கேட்டது. ஃபில்ஃபில் அவள் காலுக்கிடையில் புகுந்து, நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கியது. ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதுதான் சரி என்று நுஹாவுக்குத் தெரியும். தெரிந்தும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று அழுதாள். மாமா சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டு வந்தார்.