இரண்டாவது கதவு

லான்மடாவில் அரிசி மண்டி வைத்திருக்கும் பர்மியர் ஊ தெய்னுக்கு ஒரு ஆசை. தன் பழைய மாடியில், ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய நூலகம் ஒன்று வேண்டும். உள் அலங்காரம் புஷ்பலதாவின் பொறுப்பு. நீள அறை, இருபுறமும் சாய்மேசைகள், மேசையோடு சங்கிலியால் பிணைத்த புத்தகங்கள், பூச்செதுக்கிய மரக் கூரை.

அந்தக் காலத்து நூலகத்தில் இடப்பக்கம் இருப்பது வலப்பக்கமும் இருக்க வேண்டும். இந்த அறைக்கோ பின்படிக்குப் போகும் கதவு ஒன்றுதான், வாசலிலிருந்து பார்த்தால் இடப்பக்கம். எதிர்ச்சுவரில் அதே தேக்கில், அதே பித்தளைக் கைப்பிடியோடு ஒரு பொய்க் கதவை நிறுத்தினாள். பின்னால் வெறும் செங்கல்.

"கைப்பிடி திரும்பணும்" என்று தச்சரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். திரும்பாவிட்டால் பொய் என்று தெரிந்துவிடும்.

"மா புஷ்பா, எது நிஜம்னு எனக்கே தெரியலை" என்று ஊ தெய்ன் மெச்சினார்.

மறுநாள் காலை, அவளுடைய தம்பி சிவராஜ் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலாவிலிருந்து படகேறி வந்து நின்றான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டில் அவன் பெயர் விழுந்திருந்தது. எல்லை தாண்டிக் கூட்டிப்போகும் ஆள் வெள்ளிக்கிழமைதான் வருவான். அதுவரை ஒளிய வேண்டும். பெயர்ப்பலகை எழுதுகிறவன்தானே என்று, கூரைப் பூவுக்குத் தங்க நிறம் பூசச் சாரத்தில் ஏற்றிவிட்டாள்.

"புத்தகத்துக்கு எதுக்குக்கா சங்கிலி?"

"யாரும் தூக்கிட்டுப் போயிடாம இருக்க."

"அப்ப என்னையும் ஒண்ணுல கட்டிடு."

"பேசாம பூசுடா. சாப்பிட்டதும் பின்படியைக் காட்டுறேன்."

சாப்பாட்டுக்கு முன்பே காவற்காரர் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார். "மா புஷ்பா, வீடு வீடா ஆள் தேடுறாங்க. கீழே வந்துட்டாங்க."

வாசலில் நின்ற புஷ்பலதா உள்ளே திரும்பி, "தம்பி, பின்படிக்கு இடப்பக்கக் கதவு" என்றாள். வரைபடத்தில் மாதக்கணக்காக அப்படித்தான் எழுதிப் பழகியிருந்தாள். சிவராஜ் அவளைப் பார்த்தபடி சாரத்திலிருந்து குதித்தான். அவனுடைய இடது, அவளுக்கு வலது.

அவன் கால் திரும்பியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அது இல்லடா" என்பதற்குள் பூட்ஸ் சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது.

கைப்பிடி சிவராஜின் கைக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பியது. பூட்டில்லை, இறுகியிருக்கிறது என்று நினைத்திருப்பான். தோளால் இடித்தான். மறுபடி திருப்பினான், மறுபடி இடித்தான்.

வந்தவர்கள் அவசரப்படாமல் மேசைகளுக்கு நடுவே நடந்தார்கள். இடுப்பு உரசிச் சங்கிலிகள் சலசலத்தன.

தச்சர் நன்றாகத்தான் செய்திருந்தார். ஒவ்வொரு முறையும் கைப்பிடி திரும்பியது.