இருபதடி அம்பாரம்

கம்பியை உருவிப் பிடித்த வேகத்தில் கையை உதறினேன். உள்ளங்கைத் தோல் சிவந்து சுருங்கிவிட்டது. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் விட்டேன். யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் தேடினேன். யாரும் பார்க்கவில்லை.

எங்கள் சின்ன மின்நிலையத்தில் எரிபொருள் யார்டு என் பொறுப்பு. அறுப்பு முடிந்த பருத்திமாரும் சோளத்தட்டையும் உமியும் லாரி லாரியாக வந்து இறங்கும். விவசாயிகள் காட்டிலேயே கொளுத்திப் புகையாக்கிக்கொண்டிருந்ததைக் காசு கொடுத்து வாங்கி, எரித்து, மின்சாரம் எடுத்து விற்கிறான் என் அண்ணன். குவியலுக்குள் நீளமான இரும்புக் கம்பியைச் செருகி, கால் மணி நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்ப்பது தினமும் காலையில் என் முதல் வேலை. வெதுவெதுப்பாக இருந்தால் பயமில்லை. பிடிக்க முடியாமல் சுட்டால், குவியல் தன் சூட்டில் தானே வேகிறது என்று அர்த்தம். அன்றைக்கே லோடர் வண்டியை விட்டுக் கலைத்துப் பரப்பிவிட வேண்டும். விட்டுவைத்தால் உள்ளே கரியாகிப் பொந்து விழும். வெளியே ஒன்றும் தெரியாது. அதன் மேல் ஆள் ஏறினால், ஏறியவன் உள்ளே போய்விடுவான்.

இவ்வளவும் தெரிந்த மகராசி நான்தான் மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை.

காரணம் வங்கி. கடனின் இரண்டாம் தவணை வந்தால்தான் புது பாய்லர் பொருத்த முடியும். முப்பது நாளைக்கு வேண்டிய எரிபொருள் யார்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அப்போதுதான் தவணை என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. எங்களிடம் இருந்ததோ இருபது நாள் சரக்கு. ஈரம் கலந்தால் குவியல் உள்ளே சூடேறும் என்பதால், மழையில் நனைந்த தட்டையைத் தனியாகக் காயப் போட்டிருந்தேன். அதையும் வாரிக் காய்ந்ததோடு சேர்த்து ஏற்றச் சொன்னேன். பன்னிரண்டடிக்கு மேல் குவிக்கக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். அம்பாரம் இருபதடிக்கு எழும்பி நின்றது.

"ரொம்ப உசரமா இருக்கே, பரவாயில்லையா?" என்று அண்ணன் கேட்டான்.

"எல்லாம் காஞ்சது. நீ உன் வேலையப் பாரு."

நான் சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் இரண்டு பேர் வீட்டுப் பத்திரமும் அந்த வங்கியில்தான் கிடக்கிறது. அம்பாரத்தைக் கலைத்தால் புகை கிளம்பும், ஊரே பார்க்கும், வங்கியும் பார்க்கும். அவர்கள் வந்து போகட்டும், அப்புறம் கலைத்துக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன்.

வங்கி அதிகாரி அம்மா அன்றைக்குப் பத்து மணிக்கு வந்தார். பாய்லரைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், நேராக யார்டுக்கு வந்துவிட்டார்.

"உயரம் அளக்கணும். மேல போய்ப் பார்க்கலாமா?"

"வேணாம் மேடம், செருப்பு வழுக்கும்!" என்று முந்திக்கொண்டு சொன்னேன்.

"நீங்க இங்கயே இருங்க மேடம், நான் ஏறி அளக்கறேன்," என்று அண்ணன் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் எடுத்து வைத்த ஒவ்வொரு காலடியையும் மனசு தானாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. பக்கத்தில் நின்ற லோடர்காரர், வண்டி ஓட்டும் வேகத்தைப் பார்த்து நாங்கள் ஆமை என்று கூப்பிடுபவர், மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, கருகின வாடை வருது?"

"பாய்லர்லேருந்து வருது."

ஆறு. ஏழு. அவன் கால் பட்ட இடத்தில் மெல்லிசாக ஏதோ எழும்பியது. தூசியாக இருக்கட்டும், தூசியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இப்போது சொன்னால் கடன் போச்சு, வீடு போச்சு. இன்னும் கொஞ்சம்தான், அளந்துவிட்டு இறங்கிவிடுவான். ஒன்பதில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? நான் என்ன இமயமலைக்கா ஏறறேன்?"

சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

பத்து. பதினொன்று. பன்னிரண்டாவதில் அவனுடைய வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது. குபுக்கென்று புகை வந்தது. அவன் அலறினான்.

"அண்ணா! எழுந்திரிக்காத! படுத்துக்கோ! உள்ள நெருப்பு இருக்கு, அப்படியே உருண்டு வந்துடு!"

காலைப் பிடுங்கிக்கொண்டு குப்புற விழுந்து, சரிவில் உருண்டு வந்து என் காலடியில் கிடந்தான். அவன் கால் போன ஓட்டைக்குள் செக்கச்செவேலென்று இருந்தது. காற்றுப் பட்டதும் தீ நாக்கை நீட்டியது. ஆமை குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்து முடிக்க மதியமாகிவிட்டது. வங்கி அம்மா புடவையெல்லாம் சாம்பலோடு என்னிடம் வந்தார்.

"உள்ள சூடு இருக்குன்னு எப்பலேருந்து தெரியும்?"

"மூணு நாளா."

"மழையில நனைஞ்சிடுச்சுன்னு ஒரு போன் போட்டிருந்தா பத்து நாள் தள்ளி வந்திருப்பேனேம்மா. எத்தனையோ பேருக்குத் தள்ளிக் குடுத்திருக்கேன். இப்ப நான் பார்த்ததை எழுதித்தானே ஆகணும்?"

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வண்டி ஏறிப் போய்விட்டார்.

அண்ணன் வெந்த காலைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மருத்துவமனைக்குப் போக வண்டி வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் திட்டவில்லை. அம்பாரத்தையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"இன்னும் ரெண்டு அடி எடுத்து வெச்சிருந்தா முழுசா உள்ள போயிருப்பேன் இல்ல? எத்தனை காலடி ஏறியிருப்பேன்?"

"பன்னிரண்டு," என்றேன்.

அதற்கப்புறம்தான் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"எண்ணிட்டா இருந்த?"