வெல்வெட் அங்கிக்குள் இருப்பவள்

சிவப்பு வெல்வெட் அங்கிக்குள் அவளை நுழைத்து, முதுகுப்பக்கம் முத்துப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஜன்னலுக்கு வெளியே மணிலா வெயில், தெருவில் குழந்தை இயேசு திருநாளின் மேளம், ஜனவரி வந்தால் வீட்டுப் பீடத்துச் சுரூபங்களுக்குப் புது உடுப்பு மாற்றுவது எங்கள் ஊர் வழக்கம், இவளுக்கும் மாற்றுகிறேன், இவள் சுரூபமே இல்லை என்பது எனக்கும் செத்துப்போன அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும், சிறந்த துணை நடிகை என்று எனக்குக் கொடுத்த விருது இவள், வெண்கலப் பெண், தூக்கிய கையில் ஃபிலிம் சுருள், அதை வருஷா வருஷம் போலச் சட்டைக்கையால் இழுத்து மூடுகிறேன்.

எனக்கு அதைக் கொடுத்த டிசம்பர் சினிமா விழாவில் எங்கள் படம் அத்தனை விருதையும் அள்ளிக்கொண்டது, அதுதான் வினையாகப் போயிற்று, மற்ற இயக்குநர்கள் எழுந்து வெளியே போனார்கள், பத்திரிகைகள் நடுவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டன, வாரம் திரும்புவதற்குள் விழாக் கமிட்டி எல்லா விருதையும் திருப்பிக் கேட்டது, இயக்குநர் கொடுத்துவிட்டார், கதாநாயகி அழுதுகொண்டே கொடுத்துவிட்டாள், நான் படத்தில் சலவைக்காரியாக வந்து போனவள், எனக்கு அதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை, கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்ததத் திருப்பிக் கேக்கறவன் மனுஷனாடி என்று அம்மா தையல் மெஷினை மிதிக்கிறாள், கோயில் சுரூபங்களுக்கு உடுப்பு தைத்துப் பிழைத்தவள், மிச்ச வெல்வெட்டில் இவளுக்கு ஓர் அங்கி, ஒரு முக்காடு, மாதாவாக்கிப் பீடத்தில் நிறுத்தி மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டாள், பாவமில்லையாம்மா என்கிறேன், நீ சும்மா இரு, ஆண்டவர்கிட்ட நான் பேசிக்கறேன். கமிட்டியிலிருந்து ரொசாலியோ என்று ஒருவர் வந்தார், வந்ததும் பீடத்துக்கு முன் நின்று சிலுவை போட்டுக்கொண்டார், கொஞ்சம் கூடுதல் நேரமே நின்றார், விருது எங்கம்மா என்றார், காணாமப் போச்சுங்க என்றேன், நடிப்பு என்றால் அதுதான் நடிப்பு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, உங்க வீட்டு மாதா ரொம்ப அழகும்மா, பத்திரமா பாத்துக்கோங்க என்று சொல்லிப் போனார், அவர் தெரு முனையைத் தாண்டியதும் அம்மாவும் நானும் விழுந்து விழுந்து சிரித்தோம், சரியான ஏமாளி என்று எத்தனை வருஷம் சிரித்திருப்போம்.

அந்த ஏமாளியின் மகள்தான் இதோ என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், எங்கள் பழைய படத்தைச் சீர்செய்து மறுபடியும் திரையிடுகிறார்களாம், அழைக்க வந்தவள், என் கையிலிருப்பவளைப் பார்த்துச் சிரிக்கிறாள், அப்பா சாகறவரைக்கும் சொல்வாரும்மா, சட்டைக்கை கொஞ்சம் குட்டையாம், எந்த ஊர் மாதா ஃபிலிம் சுருளைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, அந்தப் பொண்ணு படத்துல நல்லா துவைச்சா, வச்சுக்கட்டும்னு வந்துட்டேன்னு. என் கண் நிறைகிறது, சந்தோஷமாகத்தான் இருக்கிறது, நடுவர்கள் கொடுத்ததை ஊரே தப்பு என்றது, அவர் ஒருவர் மறுபடியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கடைசிப் பொத்தானைப் போடுகிறேன், சிவப்பு வெல்வெட் கையை முழங்கைவரை சுருட்டிவிடுகிறேன், சுருள் நன்றாகத் தெரியட்டும், அந்தச் சலவைக்காரியும் இப்படித்தான் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றாள்.